குற்றம்: இறங்கவில்லை

பலகையில் இருப்பது ஸ்காட்லாந்துக்காரன் வைத்த பெயர்.
எங்கள் வாயில் அது என்றைக்கும்
பாலத்தடித் தோட்டம்.
ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது.
துரைமார் போய்விட்டார்கள்.
இப்போது துரை என்றால் நான்தான்:
துணை நிர்வாகி, கம்பெனி வீடு கிடையாது,
சேறு தெறித்த வெள்ளை வண்டி மட்டும் உண்டு.

பழைய ஸ்டோரை இடிக்கச் சொன்னார்கள்.
உறைந்த பால்வாடை இன்னும் போகாத அலமாரியில்
கரையான் பாதி படித்து முடித்த
தண்டனைப் புத்தகம்.
கிராணியின் சாய்ந்த ஆங்கில எழுத்து.
வரிக்கு ஒரு பெயர், ஒரு குற்றம், ஒரு பிடித்தம்.

மங்கு உடைத்தது. ஐந்து காசு.
பெரட்டுக்குப் பிந்தியது. அரை நாள்.
சடையப்பன், பதினோராம் லயம்.
குற்றம்: இறங்கவில்லை. இரண்டு நாள் கூலி.

எதிலிருந்து?
நாலு பக்கம் தள்ளித்தான் புரிந்தது.
துரை எதிரே வந்தால்
சைக்கிளை விட்டு இறங்க வேண்டும்.
குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும்.
துரை கடந்து, துரையின் நாய் கடந்து,
செம்மண் புழுதி அடங்கிய பிறகு
ஏறிக்கொள்ளலாம்.

மறுபடி சடையப்பன். இறங்கவில்லை. மூன்று நாள்.
மறுபடி. இறங்கவில்லை. ஒரு வாரம்.
மணியும் அடித்திருப்பான் என்றே நினைக்கிறேன்.
கிராணி அதை எழுதவில்லை.

சப்பான்காரன் வர எட்டு மாதம் இருக்கையில்
ஒரே நாளில் நாற்பத்தாறு பெயர்.
இறங்கவில்லை, இறங்கவில்லை, இறங்கவில்லை,
கை வலித்திருக்கும் கிராணிக்கு,
அதற்கப்புறம் வெறும் இரட்டைக் கோடுகள்
பக்கம் முடிகிற வரை.
நல்லக்காள் பெயருக்கு நேரே மட்டும்
சொல்லிச் சொல்லி எழுதியிருக்கிறான்:
'சைக்கிள் இவளுடையது அல்ல. ஓட்டவும் தெரியாது.
தள்ளிக்கொண்டு வந்தவள்
துரையைக் கண்டதும் ஏறி உட்கார்ந்தாள்.'

ஓரத்தில் பென்சிலில், அவர்கள் கேட்டவை:
சைக்கிளில் உட்கார்ந்தே போவோம்.
சீனருக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும்.
வெட்டுக்காட்டில் பெண்கள் மேல் கை படக்கூடாது.
கள்ளுக்கடையை மூடு.
கூலிக்கு முன்னால் சைக்கிள்.
அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே
தேநீரை ஆறவிட்டேன்.

அடுத்த வரி: லாரியில் சிப்பாய்கள்.
அதற்கடுத்த பக்கத்தைக் கரையான்
முழுக்கப் படித்துவிட்டது.

போன வருஷம் பட்டணத்தில்
வாடகை வீட்டுக்குப் போன் செய்தேன்.
பெயரைக் கேட்டார்கள். சொன்னேன்.
அந்த நொடியில் வீடு வேறு யாருக்கோ போய்விட்டது.
பலகை மட்டும் இரண்டு மாதம்
அதே கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது.
இதைச் சொல்லாத நண்பன் எனக்கில்லை.

நேற்று சாயங்காலம், முப்பத்திரண்டாம் காட்டு ரோடு.
மொஸ்தாக், கொமில்லாவிலிருந்து வந்தவன்,
குலை அறுக்கும் கத்தியைத் துணியில் சுற்றி
சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.
என் வண்டியைப் பார்த்தான்.
இறங்கினான்.
சைக்கிளைக் காண் ஓரம் சாய்த்துப் பிடித்து
தரையைப் பார்த்து நின்றான்.

யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.
எந்தப் புத்தகத்திலும் அப்படி விதி இல்லை.

கண்ணாடியை இறக்கி 'நைக்' என்றேன் மலாயில்.
ஏறு என்று அர்த்தம். எதில் என்று இல்லை.
சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டு
என் வண்டியின் பின்பக்கம் ஏற வந்தான்.
இல்லை, இல்லை என்று
நான் கதவைத் திறந்து இறங்கினேன்.
அதற்கு இன்னும் பயந்தான்.

வேறு பேச்சு வரவில்லை.
ஓர் அறையில் எத்தனை பேர் என்று கேட்டேன்.
பத்து விரலையும் விரித்தான்,
மடக்கி, மறுபடி இரண்டு.
எனக்குத் தெரிந்த கணக்குதான்.
அந்தப் பட்டியலில் இருப்பது என் கையெழுத்து.

வளைவு வரை
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான்.
வண்டியை அணைத்துவிட்டு நின்றேன்.
பனைகளுக்கு அப்பால் ஏறினானோ என்னவோ,
மணிச் சத்தம்
வரவில்லை.